முள் உயர்ந்தால் போதுமா? பழைய காரின் ஆயில் பிரஷரும் ஆயிலின் கெட்டியும்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற கார்களை இன்றும் ஓட்டத்தில் வைத்திருப்பவர்கள் எங்கே கூடினாலும் சிறிது நேரத்தில் ஆயில் பிரஷர் பேச்சு வந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது முள் கீழே விழுகிறது, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, காலையில் காட்டியதில் பாதிகூடக் காட்டுவதில்லை, என்ன செய்யலாம்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், அடுத்த முறை கெட்டி ஆயில் ஊற்றுங்கள் என்பதுதான். ஊற்றியதும் முள் ஏறுகிறது, வண்டிக்காரருக்கு நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதிக்குப் பல நேரங்களில் அடிப்படை கிடையாது என்பதையே இன்று உங்கள் முன் வாதிட வந்திருக்கிறேன். ஆயில் பிரஷர் என்பது எஞ்சினுக்குள் நடப்பதைப் பற்றிய ஒரு தடயம். தடயத்தைப் படிக்க வேண்டும். அதைத் திருத்திவிட்டு, காரியம் முடிந்தது என்று எண்ணக் கூடாது.

முதலில் அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஆயில் பம்ப்தான் பிரஷரை உண்டாக்குகிறது என்று சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் பம்ப் உண்டாக்குவது ஓட்டத்தை. பல் சக்கரம் வைத்த பம்ப்பானாலும் ரோட்டர் வைத்த பம்ப்பானாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் ஃபில்டர் வழியாக, எஞ்சின் பிளாக்கில் துளைத்த நீண்ட வழிகளில் ஓடி, மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், கேம்ஷாஃப்ட், ராக்கர் ஷாஃப்ட் ஆகியவற்றின் மெல்லிய இடைவெளிகளில் கசிந்து, மறுபடியும் சம்ப்புக்கு விழுகிறது. அந்த இடைவெளிகள் காட்டும் தடைதான் அழுத்தமாகக் கேஜில் தெரிகிறது. மடையை ஒடுக்கினால் வாய்க்காலில் நீர்மட்டம் உயரும்; அதற்காக வயலுக்கு அதிகத் தண்ணீர் பாய்ந்தது என்று எந்த விவசாயியும் கணக்குப் போடமாட்டார். கேஜ் காட்டுவது வாய்க்காலின் மட்டத்தை. பேரிங் வேண்டுவது பாய்ச்சலை. எண்ணெயைக் கெட்டியாக்கினாலும் மட்டம் உயரும், இடைவெளியைக் குறுக்கினாலும் உயரும், ஒரு வழி அடைத்துக்கொண்டாலும் உயரும். மூன்றும் எஞ்சினுக்கு ஒரே விளைவைத் தருவதில்லை. கேஜுக்கோ மூன்றும் ஒன்றுதான்.

அழுத்தம் குறைந்தால் கிராங்க் பேரிங்கின் மேல் நேரடியாக உட்கார்ந்துவிடாதா, அதைத் தூக்கி நிறுத்துவதே அந்த அழுத்தம்தானே என்று சிலர் நினைக்கலாம். மிகப் பரவலான எண்ணம் இது. ஆனால் 1883-லேயே தவறென்று காட்டப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் இயந்திரப் பொறியாளர் நிறுவனத்துக்காக பீச்சம் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் மூழ்கியிருந்தது, பம்ப் எதுவும் கிடையாது. எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றியபோது அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அடித்து வைத்தார், அதுவும் வெளியேறியது. கடைசியில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தியபோது, பேரிங்கின் மேலிருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அளவே இருக்க, மானி 200 பவுண்டைத் தாண்டிப் போயிற்று. சுழலும் அச்சு, தன்மேல் ஒட்டிய எண்ணெயைக் குறுகிக்கொண்டே போகும் ஆப்பு வடிவ இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, தன்னைத் தூக்கும் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இதன் கணிதத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்புக்கு அதுவே அடித்தளம்.

உங்கள் அம்பாசடரின் பிக் எண்டிலும் இதே செயல்தான் நடக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து பிஸ்டன் கீழே இறங்கும் கணத்தில், பேரிங்கின் எண்ணெய்ப் படலத்துக்குள் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தம் உருவாகிறது. அதன் முன்னால் பம்ப் தரும் 50 பி.எஸ்.ஐ. ஒரு பொருட்டே இல்லை. சுமையைத் தாங்குவது பம்ப்பின் அழுத்தம் அல்ல. படலத்தின் பாகுத்தன்மையும் (அதாவது கெட்டியும்) அச்சின் வேகமும் சேர்ந்து தாங்குகின்றன. அப்படியானால் பம்ப்பின் அழுத்தம் எதற்கு? எண்ணெய் வற்றாமல் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்வதற்கு. மெயின் பேரிங்கிலிருந்து கிராங்கின் உள்துளை வழியாக பிக் எண்டுக்கும், மேலே கடைசியாக இருக்கும் ராக்கர் ஷாஃப்டுக்கும் எட்டுவதற்கு. இவற்றோடு, அதிகம் பேசப்படாத இன்னொரு வேலைக்கு, அதாவது பேரிங்கில் உண்டாகும் சூட்டை அள்ளிக்கொண்டு போவதற்கு. பேரிங்கைக் குளிர்விப்பது ரேடியேட்டர் தண்ணீர் அல்ல, அதன் வழியாகப் பாயும் எண்ணெய். பாய்ச்சல் குறைந்தால் படலம் சூடாகும், சூடானால் மெலியும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், கெட்டி ஆயில் ஏன் முழுத் தீர்வாகாது என்பது விளங்கத் தொடங்கும்.

இப்போது கெட்டி என்பதை எண்ணாகப் பார்ப்போம். எஸ்.ஏ.இ. தரத்தின்படி, பாகுத்தன்மை 100 டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருப்பது 40 கிரேடு, 16.3 முதல் 21.9-க்குள் இருப்பது 50 கிரேடு; 9.3 முதல் 12.5-க்குள் இருப்பது 30. டபிள்யூ எழுத்தோடு வரும் முதல் எண் குளிர்காலத்துக்கானது. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் எஞ்சினைச் சுழற்றவும் மைனஸ் 20-இல் பம்ப் செய்யவும் இயலும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். ஊட்டியின் உறைபனி இரவில்கூட வெப்பம் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கிறது என்பதால், நம் ஊருக்கு 20டபிள்யூ என்ற எல்லை தாராளம். ஆனால் தாராளம் என்பதைப் பொருட்டில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமான ஒரு 20டபிள்யூ-50 மினரல் எண்ணெய் 100 டிகிரியில் 18 சென்டிஸ்டோக்ஸ் அளவிலும், 40 டிகிரியில் 165 அளவிலும் இருக்கும். இதே கணக்கை நீட்டினால், 25 டிகிரியில் விடியற்காலை வண்டியை எடுக்கும்போது அது ஏறத்தாழ 390. சூடான நிலையைப் போல இருபது மடங்குக்கும் மேல். 15டபிள்யூ-40 ஒன்று அதே காலையில் 240 அளவில் இருக்கும். எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு புறப்படும் முதல் நிமிடங்களில் நடக்கிறது. அந்த நிமிடங்களில் ராக்கர் ஷாஃப்டுக்கு எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதை இந்த எண்களே தீர்மானிக்கின்றன.

வெப்பத்தின் மறுமுனை இன்னும் முக்கியமானது. மேலே சொன்ன 20டபிள்யூ-50 எண்ணெய் 120 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 11 சென்டிஸ்டோக்ஸுக்கு இறங்கிவிடும். அதாவது 100 டிகிரியில் ஒரு 30 கிரேடு எண்ணெய் இருக்கும் நிலை. இருபது டிகிரி அதிகச் சூடு இரண்டு கிரேடு கெட்டியை விழுங்கிவிட்டது. நெடுஞ்சாலையில் முள் விழும் வண்டியைப் பற்றி நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எண்ணெய் எந்தக் கிரேடு என்பதைவிட, எண்ணெய் ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதாகவே இருக்க வேண்டும். உப்புப் படிந்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், பின்தங்கிய இக்னிஷன் டைமிங், சேறும் பிசுக்கும் அப்பி ஒரு விரற்கடைக் கவசம் போட்டுக்கொண்ட சம்ப் ஆகியவை எல்லாம் எண்ணெயை மெலிய வைக்கும் காரணங்கள். இவற்றைச் சரி செய்தால் கிரேடை மாற்றாமலே முள் தன் இடத்துக்கு வரும். கெட்டி எண்ணெயோ இந்த இடத்தில் தன் பங்குக்குச் சூட்டைக் கூட்டுகிறது. பேரிங்கில் உராய்வு பாகுத்தன்மையோடு சேர்ந்து உயர்வதால், நாம் ஊற்றிய கெட்டியில் ஒரு பகுதி அதுவே உண்டாக்கிய சூட்டில் கரைந்துபோகும்.

அடுத்து தேய்மானத்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சின் மையம் இதுதான், சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். பேரிங்குக்கும் அச்சுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, அச்சின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்பது பழைய பட்டறைக் கணக்கு. இரண்டு அங்குல அச்சுக்கு 0.05 மில்லிமீட்டர். இந்த இடைவெளி வழியாகக் கசியும் எண்ணெயின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 0.05 என்பது தேய்ந்து 0.075 ஆனால், பார்வைக்கு ஒன்றரை மடங்குதான். கசிவு மூன்றேகால் மடங்குக்கும் மேல். 0.10 ஆனால் எட்டு மடங்கு. இதற்கு எதிராகக் கிரேடு மாற்றம் எவ்வளவு ஈடு கொடுக்கிறது? 14.5 சென்டிஸ்டோக்ஸ் உள்ள 40 கிரேடிலிருந்து 18 உள்ள 50-க்குப் போனால், கூடுவது நான்கில் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் மிகக் கெட்டியான 60 கிரேடை ஊற்றினாலும் 26-ஐத் தாண்டாது, அதாவது இரு மடங்குக்கும் குறைவு. மூன்று மடங்கு, எட்டு மடங்கு என்று திறந்துகொண்ட கசிவை நான்கில் ஒரு பங்கு கெட்டியால் அடைக்க முடியாது. முள் சற்று ஏறியிருக்கும். பேரிங் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில்தான் இருக்கும், நாளுக்கு நாள் மேலும் தேயும்.

மெக்கானிக்குகளின் அனுபவம் வேறு சொல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கெட்டி ஆயில் ஊற்றியதும் தட்டும் சத்தம் அடங்குகிறது, புகை குறைகிறது, முள் ஏறுகிறது, இவையெல்லாம் பொய்யா? பொய் இல்லை. பல ஆயிரம் எஞ்சின்களைக் கையால் திறந்து பார்த்தவர்களின் அவதானிப்பை நான் ஒதுக்க மாட்டேன். அதற்கு அறிவியலும் துணை நிற்கிறது. படலத்தின் தடிமன் பாகுத்தன்மையோடு கூடும். இடைவெளி கூடிய பேரிங்கில் படலம் மெலிந்துபோகிறது. ஒரு படி கெட்டியான எண்ணெய் அதில் கொஞ்சத்தை மீட்டுத் தரும். ஆகவே அளவாகத் தேய்ந்த எஞ்சினுக்கு ஒரு கிரேடு ஏற்றுவது நியாயமான செயல், அதை நானே பரிந்துரைப்பேன். மறுப்பு எங்கே எழுகிறது என்றால், காரணம் தேடாமல் ஏற்றுவதிலும், முள் போதுமென்று சொல்லும்வரை ஏற்றிக்கொண்டே போவதிலும். சத்தம் அடங்கியது என்பதற்குத் தட்டும் இடத்தில் மெத்தை தடித்தது என்று பொருள். தேய்ந்த உலோகம் திரும்பி வந்துவிடவில்லை. புகை குறைந்தது ரிங் வழியாக எண்ணெய் ஏறுவது மட்டுப்பட்டதால். ரிங் இழந்த இழுவிசை திரும்பவில்லை. பெரிய வேலைக்குப் பணம் சேரும்வரை ஆறு மாதம் வண்டியை ஓட்ட இது உதவும் என்றால் அப்படியே சொல்லிவிட்டுச் செய்யலாம். சிகிச்சை முடிந்தது என்று சொல்லி அனுப்புவதுதான் தவறு.

ரிலீஃப் வால்வைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் அதிகப்படியான எண்ணெயைச் சம்ப்புக்கே திருப்பிவிடும் சிறு வால்வு இது, ஸ்பிரிங் ஒன்று அதை மூடிப் பிடித்திருக்கிறது. குளிர்ந்த கெட்டி எண்ணெயோடு எஞ்சினை முறுக்கினால் முள் உச்சியில் போய் நிற்குமே, அப்போது இந்த வால்வு திறந்திருக்கிறது. பம்ப் தள்ளியதில் ஒரு பகுதி பேரிங் பக்கமே போகாமல் சம்ப்புக்குத் திரும்புகிறது. முள் மிக அழகாகக் காட்சி தரும் அந்தக் கணத்தில்தான் பேரிங்குக்குப் பாய்ச்சல் குறைவு. அதே நேரத்தில் ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்து, வடிகட்டாத எண்ணெய் உள்ளே போக வாய்ப்புண்டு. இன்னொரு வழக்கமும் நம்மிடம் இருக்கிறது: பிரஷர் குறைந்தால் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைப்பது. ஐட்லிங்கில் அந்த வால்வு மூடியே இருக்கும். மூடியிருக்கும் கதவுக்குப் பூட்டை இறுக்கி என்ன பயன்? வால்வின் இருக்கையில் தூசு சிக்கி எப்போதும் கசிந்துகொண்டிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சரியான நீளமுள்ள புதியதைப் போடலாம். வாஷர் வைத்து ஏற்றிய பிரஷர், குளிர்ந்த எண்ணெயில் ஃபில்டரையும் சீல்களையும் பம்ப்பின் இயக்கிப் பல்லையும்தான் வருத்தும்.

நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், பாதி ஏற்கவும் செய்கிறேன். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. பி-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலும் இருந்த அந்தக் குடும்பத்துக்கு அக்காலத்தில் மிதவெப்ப நாடுகளில் 30 கிரேடும் வெப்ப நாடுகளில் 40 கிரேடும் ஊற்றுவது வழக்கம். இன்று நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 எண்ணெய்கள் அந்த வெப்ப நாட்டு அளவை ஏற்கெனவே எட்டியவை. வெயிலுக்கான சலுகை அதில் அடங்கிவிட்டது. அதற்கு மேலும் ஒரு சலுகை தேவையில்லை. வெளியே 30 டிகிரியோ 42 டிகிரியோ, குளிர்விப்பு ஒழுங்காக இருந்தால் தெர்மோஸ்டாட் எஞ்சின் தண்ணீரை ஒரே வெப்பத்தை ஒட்டித்தான் வைத்திருக்கும். சம்ப் எண்ணெய் சித்திரை வெயிலில் சில டிகிரி கூடும், அவ்வளவே. வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் வழக்கத்தையும் இங்கே கண்டித்தாக வேண்டும். அது எஞ்சினை நெடுநேரம் குளிர்ந்தே ஓட வைக்கிறது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் ஆவியாகாத பெட்ரோல் ரிங்குகளைத் தாண்டிச் சம்ப்பில் இறங்கி எண்ணெயை மெலிய வைக்கிறது. ஒரு வைத்தியம் இன்னொரு நோயைக் கூட்டிவருகிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வருகிறது. பாய்ச்சல்தான் முக்கியம் என்றால், புதிய கார்களுக்கு ஊற்றும் 5டபிள்யூ-30 சிந்தெடிக்கையோ 0டபிள்யூ-20-ஐயோ பழைய வண்டிக்கும் ஊற்றலாமே, விலை அதிகமான எண்ணெய் நல்லதுதானே? இது வேறு வகையில் அதே தவறு. புதிய எஞ்சின்களில் இடைவெளிகள் இறுக்கமாகவும் பம்ப் பெரிதாகவும் அச்சின் பரப்பு மிக மழமழப்பாகவும் இருக்கும்படி அந்த எண்ணெயை மனதில் வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். 1950-களின் வரைபடத்தில் பிறந்த எஞ்சினுக்கு அந்தப் பொருத்தம் கிடையாது. எஸ்.ஏ.இ. தரத்தில் 150 டிகிரியில் வேகமாக அரைபடும் நிலையில் அளக்கும் இன்னொரு பாகுத்தன்மை உண்டு. சுமையேறிய பேரிங்கின் உண்மையான நிலைக்கு நெருக்கமான அளவு அது. 20 கிரேடுக்கு அதன் கீழ்வரம்பு 2.6, 30-க்கு 2.9, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகியவற்றுக்கு 3.7. பழைய எஞ்சினுக்கு 3.7-க்குக் குறைவாகப் போக எந்தக் காரணமும் இல்லை. இந்த வரிசையிலேயே இன்னொரு செய்தியும் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள்: 15டபிள்யூ-40 எண்ணெயும் 20டபிள்யூ-50 எண்ணெயும் கடக்க வேண்டிய வரம்பு ஒன்றே. நடைமுறையில் 50 கிரேடு அதைத் தாராளமாகத் தாண்டும் என்பது உண்மை. ஆனாலும் பேரிங்கைக் காக்கும் குறைந்தபட்சத் தகுதி 15டபிள்யூ-40-க்கும் உண்டு, காலையில் விரைவாக ஏறும் நன்மையும் அதற்கு இருக்கிறது. தேயாத அல்லது அண்மையில் ரீபோர் செய்து பேரிங் மாற்றிய எஞ்சினுக்கு நான் 15டபிள்யூ-40-ஐயோ 20டபிள்யூ-40-ஐயோதான் சொல்வேன். அளவாகத் தேய்ந்ததற்கு 20டபிள்யூ-50. அதற்கு மேலே போக வேண்டும் என்று தோன்றினால், போக வேண்டிய இடம் எண்ணெய்க் கடை அல்ல, பட்டறை.

கெட்டியைப் பற்றியே பேசும்போது எண்ணெயில் கலந்திருப்பதை மறந்துவிடுகிறோம். அம்பாசடரின் கேம்ஷாஃப்ட் தட்டையான டாப்பெட்டுகளின் மேல் உரசிச் சுற்றுகிறது. உருளை வைத்த டாப்பெட் அல்ல. அந்த உரசும் முனையில் எண்ணெய்ப் படலம் முழுமையாக நிற்பதில்லை. அங்கே உலோகத்தைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்புச் சேர்மம். வெளிப்புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பாஸ்பரஸ் ஆகாது என்பதால், 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம் முதல் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினார்கள். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்றவற்றுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. மெல்லிய எண்ணெயை நம் வண்டிகளுக்குத் தவிர்க்க இது இன்னொரு வலுவான காரணம். டப்பாவில் கொட்டை எழுத்தில் இருக்கும் கிரேடை மட்டும் பார்க்காமல், பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் தரக்குறியீட்டையும் படியுங்கள். கூடுதல் போத்தல்களில் விற்கும் ஆயில் ட்ரீட்மெண்ட் வகைகளைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. அவற்றில் பல வெறும் கெட்டியாக்கும் பாலிமர்கள். சூடான பேரிங்கில் அரைபடும்போது அந்தக் கெட்டி நிலைப்பதில்லை.

ஆகவே முள் விழுந்தால் என்ன வரிசையில் பார்க்க வேண்டும்? முதலில் முள்ளையே சந்தேகியுங்கள். நாற்பது, ஐம்பது வயதான கேஜோ அதற்கு அளவை அனுப்பும் சென்டர் யூனிட்டோ சொல்வதை வைத்து எஞ்சினைப் பிரிப்பது அநியாயம். சென்டர் யூனிட் இருக்கும் துளையில் நம்பகமான மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பொருத்தி, எஞ்சின் முழுச்சூட்டில் இருக்கும்போது ஐட்லிங்கிலும் 2000, 3000 சுற்றுகளிலும் அளந்து எழுதி வையுங்கள். பி-சீரீஸ் குடும்பத்துக்குச் சூடான ஓட்டத்தில் ஏறத்தாழ 50 பி.எஸ்.ஐ.யும் ஐட்லிங்கில் 15-ஐ ஒட்டியும் இயல்பு. ஐட்லிங்கில் 10 அல்லது 12 காட்டும் பழைய எஞ்சின், முறுக்கியதும் 45-க்கு மேல் ஏறுகிறது என்றால் அது கவலைப்பட வேண்டிய நிலை இல்லை. ஐட்லிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, பேரிங்கின் மேல் சுமையும் சொற்பம். ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்ற பழைய அமெரிக்கப் பட்டறை விதி ஒரு துணை அளவுகோல். அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டாம். மாருதி 800 போலக் கேஜ் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிக்காரர்களுக்கு இந்த அளவீடு இன்னும் அவசியம். பொதுவாக அந்த விளக்கு 5 பி.எஸ்.ஐ. போன்ற மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் எரியும். விளக்கு அணைந்திருப்பது நலத்தின் அறிகுறி அல்ல, ஆபத்து இன்னும் உச்சத்துக்கு வரவில்லை என்பதற்கு மட்டுமே அத்தாட்சி.

அளவு உண்மையிலேயே குறைவென்றால் அடுத்தது டிப்ஸ்டிக். எண்ணெய் மட்டம் குறைவா, அல்லது அதிகமாகி கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்குகிறதா? முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், பியூயல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், கார்புரேட்டர் நிரம்பி வழியலாம், சோக் முழுதும் திரும்பாமல் இருக்கலாம். பெட்ரோல் கலந்த எண்ணெய்க்குப் பதிலாக 60 கிரேடை ஊற்றினாலும் அதுவும் சில வாரங்களில் மெலிந்துபோகும், இந்த முறை அதிகச் செலவில். மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். அதன் பிறகு ஃபில்டர், ரிலீஃப் வால்வு, சம்ப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர். ஸ்ட்ரெய்னர் பிசுக்கால் அடைத்திருந்தால் பம்ப்பால் எண்ணெயை உறிஞ்ச முடியாது. கெட்டி எண்ணெயை உறிஞ்சுவது அதற்கு இன்னும் கடினம். முள்ளை உயர்த்த ஊற்றியதே முள்ளை இறக்கும் ஓர் இடம் இது. சம்ப் இறங்கியிருக்கும்போதே பம்ப்பின் மூடித்தட்டில் வரி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பம்ப்புக்குள்ளேயே கசிவு இருந்தால் பேரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஐட்லிங்கில் முள் விழும், அதைச் சரிசெய்வது கிராங்க் வேலையோடு ஒப்பிட்டால் சிறிய செலவு.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் குறைவென்றால் எஞ்சியது பேரிங். அதற்கு ஊகம் தேவையில்லை. பிக் எண்ட் மூடி ஒன்றைக் கழற்றி, அளவிடுவதற்கென்றே விற்கும் மெல்லிய பிளாஸ்டிகேஜ் இழையை அச்சின் மேல் வைத்து, சொன்ன முறுக்கில் இறுக்கிக் கழற்றினால், நசுங்கிய இழையின் அகலமே இடைவெளியைச் சொல்லிவிடும். வரம்புக்குள் இருந்தால் ஒரு கிரேடு ஏற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். அச்சில் வரி இல்லாமல் பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் அதே அளவில் புதிய பேரிங் போதும். அச்சே தேய்ந்தோ முட்டை வடிவமாகியோ இருந்தால் கிராங்கைக் கடைந்து அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். எஞ்சினை இறக்குவதற்கு முன் இந்த அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வண்டி திரும்பியதும் அதே மெக்கானிக்கல் கேஜை, அதே சூட்டில், அதே சுற்றுகளில் மறுபடி பொருத்தி, பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதியவற்றை எழுதுங்கள். புதிய பேரிங் பதிந்து வரும் முதல் 1000 கிலோமீட்டருக்கு எண்ணெயை 40 கிரேடிலேயே வைத்திருங்கள். அதன்பின் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றும்போது ஃபில்டரைப் பிளந்து அதன் மடிப்புகளில் உலோகப் பொடி மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பேரிங் எப்படி இருக்கிறது என்பதற்குக் கேஜைவிட நேரடியான சாட்சி அங்கே கிடைக்கும்.